ஸ்போரன்: கையைக் கடிக்காத விலையில் ஒரு கில்ட் பை

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம், பேச்சின் ஓட்டம் கெடாமல், வாசிப்பதற்கு வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

தொகுப்பாளர்: இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் சுயநலமானது, முன்னாடியே சொல்லிடறேன். நான் கிளாஸ்கோவில் படிச்சப்போ ஒரே வீட்ல தங்கியிருந்த ஸ்காட்டிஷ் நண்பனுக்கு அடுத்த மாசம் கல்யாணம். ஸ்டர்லிங்ல. மாப்பிள்ளைத் தோழர்கள்ல ஒருத்தனா நிக்கச் சொல்லியிருக்கான். கில்ட், கோட், காலுறை எல்லாம் அவங்க அண்ணனோடதைத் தர்றாங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் நான் வாங்கணும். முன்பக்கம் தொங்குமே, அந்தப் பை. அதுக்குப் பேர் ஸ்போரன். "எதுவா இருந்தாலும் பரவாயில்லடா"ன்னு அவன் சொல்லிட்டான். ஆனா ஆன்லைன்ல தேடினா இருபது பவுண்டுல ஒண்ணு இருக்கு, முந்நூறு பவுண்டுலயும் ஒண்ணு இருக்கு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குச் சுத்தமாப் புரியல. அதனால இன்னைக்கு ஒரு அண்ணனைக் கூப்பிட்டிருக்கேன். அவரும் கிளாஸ்கோவில் படிச்சவர்தான். படிக்கும்போது ஒரு கில்ட் வாடகைக் கடையில ரெண்டு வருஷம் பார்ட் டைம் வேலை பார்த்தவர். வாங்கண்ணா.

விருந்தினர்: வணக்கம். என் வாழ்க்கையில இந்த அனுபவத்தைப் பத்தி யாராவது கேப்பாங்கன்னு நான் நினைச்சதே இல்ல!

தொகுப்பாளர்: என் பட்ஜெட் அறுபது பவுண்டு. பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல போகுது, அதனால ஒரு பைக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு மேல. வீட்ல அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

விருந்தினர்: அறுபதுக்குள்ள நல்லதே கிடைக்கும். ஆனா எங்க காசைப் போடணும், எங்க போடக் கூடாதுன்னு தெரியணும். அது தெரியாம நான் ஒரு தடவை நல்லா மாட்டிக்கிட்டேன். அதை அப்புறம் சொல்றேன்.

முதல்ல, இது எதுக்கு?

தொகுப்பாளர்: அடிப்படையிலேர்ந்து வருவோம். ஸ்போரன்னா என்ன?

விருந்தினர்: கேலிக் மொழியில அந்தச் சொல்லுக்கு அர்த்தமே பணப்பைதான். கில்ட்டுக்குப் பாக்கெட் கிடையாது. பழைய காலத்துக் கில்ட் நீளமான ஒரே கம்பளித் துணி. அதை மடிச்சு, இடுப்புல பெல்ட் கட்டி, மிச்சத்தைத் தோள்ல போட்டுக்குவாங்க. அப்போ காசு, உணவு, சின்னச் சின்னப் பொருள் எல்லாம் எங்க வைக்கிறது? நம்ம ஊர்ல வேட்டி கட்டினவர் மடியில முடிஞ்சுக்குவார், பாட்டி இடுப்புல சுருக்குப்பையைச் செருகிக்குவாங்க. அங்க அந்த வேலையை ஸ்போரன் செஞ்சது. ஆரம்பத்துல அதுவும் ஏறக்குறைய சுருக்குப்பைதான். மான் தோல்ல செஞ்சு, வாயை வாரால இழுத்துக் கட்டுற பை. மேல உலோகச் சட்டம் வெச்சது எல்லாம் பிற்பாடு வந்தது.

தொகுப்பாளர்: அப்போ இவ்வளவு அலங்காரம் எப்போ சேர்ந்துச்சு?

விருந்தினர்: அதுக்குக் கொஞ்சம் வரலாறு தெரியணும். 1746ல கலோடன் போர்ல ஜாக்கபைட் படை தோத்துப்போச்சு. அதுக்கப்புறம் பிரிட்டிஷ் அரசு ஹைலண்ட் உடைக்கே தடை போட்டது. சட்டம் 1746ல வந்து, 1747 ஆகஸ்டுல அமலாச்சு. கில்ட் போட்டா முதல் தடவை ஆறு மாசம் சிறை, ரெண்டாவது தடவை மாட்டினா ஏழு வருஷம் நாடு கடத்தல். ராணுவத்துல இருந்த ஹைலண்ட் ரெஜிமென்ட்டுகளுக்கு மட்டும் விலக்கு. 1782லதான் தடையை எடுத்தாங்க. முப்பத்தஞ்சு வருஷம்னா ஒரு தலைமுறை. தினசரி உடையா இருந்தது அந்த இடைவெளியில கிட்டத்தட்ட அறுந்தே போச்சு.

திரும்பி வந்தப்போ விழா உடையா வந்தது. 1822ல நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். எழுத்தாளர் வால்டர் ஸ்காட்தான் அந்த வரவேற்பை ஏற்பாடு பண்ணினார். மன்னரே கில்ட் போட்டுக்கிட்டு நின்னார். தடை செஞ்ச அதே அரச குடும்பம்! அப்புறம் விக்டோரியா காலத்துல ஸ்போரன் பெருசாகிக்கிட்டே போச்சு. முழங்கால் வரைக்கும் குதிரை முடி தொங்குற ஸ்போரன் எல்லாம் அப்போ பிரபலமானதுதான். இன்னைக்கும் ராணுவத்துலயும் பேக்பைப் வாசிக்கிற குழுவிலயும் அதைப் பார்க்கலாம்.

தொகுப்பாளர்: அப்போ இன்னைக்கு நாம பார்க்கிற ஜிகுஜிகு எல்லாம் கல்யாண சீசனுக்காக வந்ததா?

விருந்தினர்: அப்படி ஒரேயடியாச் சொல்ல முடியாது. அவங்களுக்கு இது ஒரு காலத்துல பறிக்கப்பட்ட உடை. அதனால ஒரு கல்யாணத்துல உன்னையும் அதைப் போட்டுக்கச் சொல்றாங்கன்னா, அது சும்மா இல்லடா. அதை மனசுல வெச்சுக்கிட்டு வாங்கு. விலை கம்மியா இருக்கலாம், வேஷம் மாதிரி இருக்கக் கூடாது.

நாலு வகை, உனக்கு எது?

தொகுப்பாளர்: சரி, கடைக்குப் போவோம். டே, செமி டிரெஸ், டிரெஸ்னு என்னென்னமோ போட்டிருக்கு.

விருந்தினர்: அதுதான் முதல் வடிகட்டி. ஸ்போரனை எந்தக் கோட்டோட போடப் போறேங்கிறதை வெச்சுத்தான் தேர்ந்தெடுக்கணும். பிடிச்சதை முதல்ல வாங்கிட்டுக் கோட்டைத் தேடக் கூடாது.

ஒண்ணு, டே ஸ்போரன். முழுக்கத் தோல். கறுப்பு இல்லன்னா பழுப்பு. முன்னாடி மூடுற மடல்ல முடிச்சு வேலைப்பாடு, முட்பூ மாதிரி ஏதாவது அழுத்திப் பதிச்சிருப்பாங்க. கீழ மூணு குஞ்சம் தொங்கும். பகல் நிகழ்ச்சிக்கும் ட்வீட் கோட்டுக்கும் சாதாரணச் சட்டைக்கும் இதுதான்.

ரெண்டு, செமி டிரெஸ். மடல் தோல், முன்பக்கம் மட்டும் ரோமம். பகலுக்கும் ராத்திரிக்கும் நடுவுல நிக்கும்.

மூணு, ஃபுல் டிரெஸ். முன்பக்கம் ரோமம், மேல வளைஞ்ச உலோகச் சட்டம். அதுக்கு கேன்ட்டில்னு பேர். ராத்திரி விருந்து, வில் டை, பின்னாடி குட்டி வால் இருக்கிற பிரின்ஸ் சார்லி கோட், அந்த லெவலுக்கு இது.

நாலாவது, நான் சொன்ன குதிரை முடி ஸ்போரன். பைப் பேண்ட்ல சேர்ற வரைக்கும் உனக்குத் தேவைப்படாது. இது போக விலங்கோட முகமே மடலா இருக்கிற ஸ்போரனும் உண்டு. அதைத் தொடாதே, ஏன்னு அப்புறம் சொல்றேன்.

தொகுப்பாளர்: எனக்குத் தர்றது ஆர்கைல் கோட்னு சொன்னான். கறுப்பு, வெள்ளிப் பட்டன். கழுத்துக்குச் சாதாரண டை. கல்யாணம் மதியம் ரெண்டு மணிக்கு.

விருந்தினர்: அப்போ நீ தப்பிச்ச. ஆர்கைல் கோட்டுக்கு டே ஸ்போரனும் பொருந்தும், செமி டிரெஸ்ஸும் பொருந்தும். பிரின்ஸ் சார்லியா இருந்திருந்தா உன் அறுபது பவுண்டுக்குக் கஷ்டம். நான் பார்த்த வரைக்கும் உருப்படியான டே ஸ்போரன் நாப்பதுலேர்ந்து எண்பது பவுண்டுக்குள்ள கிடைக்கும். செமி டிரெஸ் அதுக்கு மேல. கேன்ட்டில் வெச்சதுன்னா நூறைத் தாண்டி எவ்வளவு வேணாலும் போகும். விலையைத் தூக்குறது ரோமமும் உலோக வேலையும்தான்.

தொகுப்பாளர்: எனக்கு ரோமமே வேணாம்ணா. ஒரு மாதிரி இருக்கு.

விருந்தினர்: நல்லதாப் போச்சு, உன் மனசும் பர்ஸும் ஒரே பக்கம் நிக்குது. கறுப்புத் தோல் டே ஸ்போரன். முடிஞ்சது. ரோமத் தோற்றம் வேணும், நிஜ ரோமம் வேணாம்னு நினைக்கிறவங்களுக்குச் செயற்கை ரோமமும் உண்டு. ஆனா மலிவான செயற்கை ரோமம் ஃபோட்டோ ஃப்ளாஷ்ல பொம்மை மாதிரிப் பளபளக்கும். அதை விடத் தோலே மேல்.

நிறத்துல ஒரு விதி: ஷூ, பெல்ட், ஸ்போரன் மூணும் ஒரே நிறத் தோல். கறுப்புன்னா எல்லாம் கறுப்பு. உலோகமும் அப்படித்தான். பெல்ட் பக்கிள் பளபளன்னு இருந்தா ஸ்போரன் பட்டனும் அப்படியே இருக்கட்டும். பழைய வெள்ளி மாதிரி மங்கலா இருந்தா இதுவும் மங்கலா இருக்கட்டும். நண்பன்கிட்ட பக்கிளோட ஃபோட்டோ கேளு.

அந்த இருபது பவுண்டுக் கதை

தொகுப்பாளர்: மாட்டிக்கிட்டேன்னு சொன்னீங்களே?

விருந்தினர்: ஆமா. வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி நடந்தது. கூடப் படிச்சவனோட அக்கா கல்யாணம். கில்ட்டையும் கோட்டையும் ஒரு கடையில வாடகைக்கு எடுத்தேன். ஸ்போரனையும் அங்கேயே எடுத்திருக்கலாம். அதுக்குத் தனியாக் காசு கேட்டாங்கன்னு ஆன்லைன்ல இருபது பவுண்டுக்கு ஒண்ணு வாங்கினேன். படத்துல சூப்பரா இருந்துச்சு. "ஜென்யூன் லெதர்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு.

கல்யாணம் முடிஞ்சு சாயங்காலம் கேய்லி. ஸ்காட்லாந்து கூட்டு நடனம். நம்ம கேலி இல்ல, ஆனா நான் ஆடினதைப் பார்த்திருந்தா கேலிதான். ஸ்ட்ரிப் த வில்லோன்னு ஒரு ஆட்டம். ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுச் சுத்திச் சுத்திப் போகணும். நடுவுல டப்னு ஒரு சத்தம். சங்கிலியைப் பிடிச்சிருந்த வளையம் விரிஞ்சு, ஸ்போரன் தரையில போய் விழுந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அது பெரிய விஷயம் இல்ல. மறுநாள் கில்ட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனப்போதான் வினை. முன்பக்கத் துணியில கறுப்பா ஒரு பெரிய தேய்ப்பு. ஸ்போரனோட சாயம்! ஆடின வேர்வையில கில்ட்ல இறங்கிடுச்சு. கம்பளித் துணி, போகவே இல்ல. டெபாசிட் அம்பேல். இருபது பவுண்டு ஸ்போரன், கடைசியில அதைப் போல நாலு மடங்கு ஆச்சு.

தொகுப்பாளர்: ஐயையோ. எனக்குத் தர்றது அவங்க அண்ணனோட சொந்தக் கில்ட்டு!

விருந்தினர்: அதுக்குத்தான் சொல்றேன். நீ வாங்குற ஸ்போரன் உன்னோடது, அது உரசப் போற கில்ட் இன்னொருத்தரோடது. சரியாத் தைச்ச கில்ட்டுக்கு எட்டு கஜம் வரைக்கும் கம்பளித் துணி போகும். ஒண்ணோட விலை பல நூறு பவுண்டு. அதனால ஸ்போரன் வாங்கும்போது முன்பக்கத்தை விடப் பின்பக்கத்தைத்தான் நல்லாப் பார்க்கணும்.

எங்க பார்க்கணும், எப்படிப் பார்க்கணும்

தொகுப்பாளர்: சரி, கையில ஒரு ஸ்போரன் கொடுத்தாச்சு. என்ன பண்ணணும்?

விருந்தினர்: திருப்பு. பின்பக்கத்தைத் தடவிப் பாரு. அதுதான் நாள் முழுக்கக் கில்ட்டோட உரசப் போகுது. வழவழன்னு தோல் இருக்கணும். ரிவெட் முனையோ கம்பியோ முரட்டு விளிம்போ கைக்குத் தட்டுப்பட்டா வெச்சுடு. நடக்க நடக்க அது கில்ட்டை அரம் மாதிரித் தேய்க்கும்.

அடுத்தது சாயம். வெள்ளைக் கைக்குட்டையை லேசா ஈரமாக்கி, பின்பக்கத்துல ஒரு ஓரமா பத்துப் பதினஞ்சு தடவை தேய். கறுப்பு ஒட்டினா வாங்காதே. இந்த ஒரு சோதனையை நான் அன்னைக்குச் செஞ்சிருந்தா டெபாசிட் பிழைச்சிருக்கும்.

அப்புறம் தோல். "ஜென்யூன் லெதர்"னு போட்டிருந்தா அதுல தோல் இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், நல்ல தோல்னு இல்ல. மலிவானதுல பாண்டட் லெதர்னு ஒண்ணு வரும். தோல் துணுக்குகளை அரைச்சுப் பசையால ஒட்டி, மேல ஒரு பூச்சு கொடுப்பாங்க. கொஞ்ச நாள்ல செதில் செதிலா உரியும். விளிம்பைப் பாரு. நல்ல தோல்ல வெட்டின ஓரம் நார் நாரா, ஒரே சீரா தெரியும். ஓரம் முழுக்க பிளாஸ்டிக் மாதிரி பெயின்ட் பூசி மறைச்சிருந்தா சந்தேகப்படு. மடலை மெதுவா வளைச்சுப் பாரு. மேல் பூச்சு வெடிச்சா, அதோட கதை முடிஞ்சது.

தொகுப்பாளர்: தையல்?

விருந்தினர்: தையல் நெருக்கமா, ஒரே அளவுல இருக்கணும். நுனியில நூல் தொங்கக் கூடாது. முக்கியமா, சங்கிலி மாட்டுற வளையத்தைத் தாங்குற வாரை ரெண்டு பக்கமும் இழுத்துப் பாரு. மொத்த பாரமும் அங்கதான் விழுது. வளையம் முழுசா ஒட்டவெச்சதா, சும்மா வளைச்சு விட்டதான்னு கவனி. என்னோடது சும்மா வளைச்சதுதான், அதான் விரிஞ்சுச்சு. அப்புறம் பட்டனைப் பத்துத் தடவை திறந்து மூடு. பத்தாவது தடவையும் டிக்னு பிடிக்கணும்.

தொகுப்பாளர்: எனக்கு இன்னொரு கேள்வி. ஃபோன் உள்ள போகுமா?

விருந்தினர்: இதைக் கேட்டதுக்கு நன்றி, கடையில பாதிப் பேர் வீட்டுக்குப் போன பிறகுதான் இதை யோசிப்பாங்க. சாதாரணமா ஸ்போரன் ஏழெட்டு அங்குல அகலம், எட்டொன்பது அங்குல உயரம் இருக்கும். வெளி அளவைப் பார்த்தா ஃபோன் போயிடும்னு தோணும். ஆனா உள்ள இருக்கிற பையும் அதோட வாயும் சின்னதா இருக்கலாம். அதனால உள்ளளவைக் கேளு. டிரெஸ் ஸ்போரன் சிலதுல திறப்பு பின்பக்கம் இருக்கும். போட்டுக்கிட்டே ஃபோனை எடுக்கணும்னா ஒரு வித்தையே காட்டணும். டே ஸ்போரன்ல முன்னாடியே மடல் இருக்கிறதால நிம்மதி. ஃபோன், ஒரு கார்டு, ஒரு சாவி. அவ்வளவுதான். அதுக்கு மேல திணிச்சா கர்ப்பிணி வயிறு மாதிரித் துருத்திக்கிட்டு நிக்கும், ஃபோட்டோவில அதுதான் முதல்ல தெரியும்.

சங்கிலியை மறந்துடாதே

தொகுப்பாளர்: சங்கிலி கூடவே வருமா?

விருந்தினர்: அங்கதான் மலிவு விலையோட தந்திரமே இருக்கு. சில விலையில சங்கிலி சேராது. "ஸ்ட்ராப் தனி"ன்னு கீழ சின்னதா எழுதியிருக்கும். ஸ்போரன் ஸ்ட்ராப்னா, பின்பக்கம் தோல் பட்டை, ரெண்டு நுனியிலயும் சங்கிலி. அந்தச் சங்கிலி ஸ்போரனோட பின்பக்க வளையத்துல மாட்டும். முழுக்கத் தோல்லயே வர்ற பட்டையும் உண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும். சங்கிலி இடுப்புல உரசி உரசிக் கில்ட்டோட மடிப்புகளை நையவெச்சுடும், தோல் பட்டை அவ்வளவு பண்ணாது. கடன் வாங்கின கில்ட்டுக்குத் தோல் பட்டையே நல்லது.

அளவு எடுக்கும்போது ஜீன்ஸ் சைஸைச் சொல்லாதே. கில்ட்டைப் போட்டுக்கிட்டு, அது மேல பட்டை எங்க உக்காருமோ அங்க டேப் வெச்சு அள. துணியோட கனமும் சேரும் இல்லையா? கில்ட் இப்போ ஸ்டர்லிங்ல இருக்கு, நீ சென்னையில இருக்க. அதனால ஓட்டையும் சங்கிலிக் கண்ணியும் நிறைய இருக்கிற, நல்லா நீட்டிக் குறைக்கக்கூடிய பட்டையா வாங்கு. உடம்பு பெரிசா இருக்கிறவங்க நீளமான பட்டைன்னு தனியாக் கேட்டு வாங்கணும், முன்னூகமா ஒண்ணை வாங்கிட்டு ஊசி வெச்சுக் குத்தக் கூடாது.

எங்க வாங்குறது?

தொகுப்பாளர்: புதுசா, பழசா, வாடகையா?

விருந்தினர்: திரும்ப எப்போ போடுவேன்னு உன்னையே கேளு. இந்த ஒரு கல்யாணம்தான்னா வாடகைக்கு எடு. நிறைய கடைகள்ல முழு செட்டா எடுக்கணும்னு இல்ல, ஸ்போரன் மட்டும் தனியாவும் தருவாங்க. அதுதான் இருக்கிறதுலயே குறைஞ்ச செலவு.

தொகுப்பாளர்: இல்லண்ணா, இதை வெச்சுக்கணும்னு ஆசை. அவன் என் நண்பன், அந்த ஊர்ல எனக்கு இருந்த ஒரே வீடு அவன் வீடுதான். முதல் டிசம்பர்ல எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க, எனக்கு டிக்கெட்டுக்குக் காசில்ல. அவங்க அம்மா கூப்பிட்டு வெச்சுச் சோறு போட்டாங்க. அதுக்கு ஏதாவது ஒண்ணு என்கிட்ட மிஞ்சணும்.

விருந்தினர்: அப்போ வாங்கு. இந்த விலைக்கு நல்ல வழி, வாடகைக் கடைகள்ல கழிச்சு விக்கிற ஸ்போரன். சீசன் முடிஞ்சதும் பழைய ஸ்டாக்கை விப்பாங்க. வாடகைக்கு விடுற சாமான் அடி வாங்கியும் நிக்கணும்னு கெட்டியாத்தான் வாங்கியிருப்பாங்க. கீறல் இருக்கும், கறுப்பு பாலீஷ் போட்டா போயிடும். சாயம் போகணும்னா அது எப்பவோ போயிருக்கும், அது இன்னொரு லாபம். ஸ்காட்லாந்து ஊர்கள்ல தர்மக் கடைகள்லயும் அப்பப்போ கிடைக்கும்.

புதுசுன்னா, பாகிஸ்தான்ல சியால்கோட்னு ஒரு ஊர். தோல் சாமானுக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் பேர் போனது. பேக்பைப், கில்ட், ஸ்போரன்கூட அங்க தயாராகி உலகம் முழுக்கப் போகுது. குறைஞ்ச விலையில வர்றது நிறைய அங்கேர்ந்துதான். அங்க செஞ்சதுனாலேயே மட்டம்னு சொல்லாதே. அங்க அருமையான கைவேலைக்காரங்க இருக்காங்க. பிரச்சினை எந்த ஊர்ல செஞ்சாங்கங்கிறதுல இல்ல, எவ்வளவு கம்மி விலைக்குச் செய்யச் சொன்னாங்கங்கிறதுல இருக்கு. அதே ஊர்லேர்ந்து வர்ற நாப்பது பவுண்டு ஸ்போரனும் இருபது பவுண்டு ஸ்போரனும் ஒண்ணில்ல.

தொகுப்பாளர்: ஆன்லைன்ல வாங்கினா நீங்க சொன்ன சோதனை எதையும் செய்ய முடியாதே?

விருந்தினர்: முடியும். பிரிட்டன்ல இருக்கிற கடையில ஆன்லைன்ல வாங்கினா, பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம ரத்து பண்ண சட்டப்படி உரிமை இருக்கு. உனக்குன்னே பேர் பொறிச்சுச் செஞ்சதுக்கு மட்டும் அது பொருந்தாது. அதனால கல்யாணத்துக்கு நாலு வாரம் முன்னாடியே ஆர்டர் போட்டு, நண்பன் வீட்டுக்கே அனுப்பு. அவனை வீடியோ கால்ல வெச்சுப் பின்பக்கத்தைத் தடவச் சொல்லு, கைக்குட்டைச் சோதனையைப் பண்ணச் சொல்லு, கில்ட் மேல கட்டிப் பார்க்கச் சொல்லு. பிடிக்கலைன்னா டேக்கோட திருப்பி அனுப்பலாம். ஆர்டருக்கு முன்னாடியே கடைக்கு ஒரு மெயில் போட்டு, பின்பக்க ஃபோட்டோவும் உள்ளளவும் கேளு. அனுப்பாத கடையில வாங்காதே.

சீல் தோல்: சும்மா கிடைச்சாலும் யோசி

தொகுப்பாளர்: விலங்கு முகம் வெச்சதைத் தொடாதேன்னு சொன்னீங்க.

விருந்தினர்: பழைய ஸ்போரன் விக்கிற இடத்துல சீல் தோல் ஸ்போரன் மலிவா மாட்டும். ஒரு காலத்துல டிரெஸ் ஸ்போரனுக்கு அதுதான் வழக்கமான தோல். ஆனா ஐரோப்பிய ஒன்றியம் 2009ல சீல் பொருள் வியாபாரத்துக்குத் தடைச் சட்டம் கொண்டு வந்துச்சு. இனுயிட் மக்கள் பாரம்பரியமா வேட்டையாடுறதுக்கு மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. அமெரிக்காவில 1972லேர்ந்தே கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. சீல் தோல் ஸ்போரனோட அங்க இறங்கினா சுங்கத்துல பறிபோகலாம். விலங்கு முகம் வெச்சதுல நீர்நாய், காட்டுப்பூனை மாதிரி பாதுகாக்கப்பட்ட விலங்கு இருந்தா இன்னும் சிக்கல். உன்னை மாதிரி எல்லை தாண்டி விமானத்துல வர்றவனுக்கு மாட்டுத் தோல்தான் நிம்மதி. என்ன தோல்னு கடைக்காரரே தெளிவாச் சொல்லலைன்னா, நகர்ந்துடு.

இன்னொண்ணு, குலச் சின்னம். பெல்ட் வடிவ வட்டத்துக்குள்ள சிங்கமோ கையோ இருக்கிற மாதிரி சின்னம் பதிச்ச ஸ்போரன் தள்ளுபடியில வரும். அது ஒரு கிளானைச் சேர்ந்தவங்க போட்டுக்கிற அடையாளம். நமக்கு முடிச்சு வேலைப்பாடு, முட்பூ, இல்ல வெறும் தோலே போதும்.

கட்டுறது எப்படி?

தொகுப்பாளர்: கடைசியா, வாங்கிட்டேன். எங்க தொங்கணும்?

விருந்தினர்: பெல்ட் பக்கிளோட கீழ் விளிம்புலேர்ந்து உன் கை அகலம், ஏறக்குறைய நாலு விரல், கீழ ஸ்போரனோட மேல் விளிம்பு வரணும். நடுவுல, நேரா. ரொம்ப மேல ஏத்தினா குழந்தைக்குக் கட்டின பிப் மாதிரி இருக்கும். ரொம்பக் கீழ இறக்கினா நடக்கும்போது முட்டியில இடிக்கும். ஆடும்போதும் கார் ஓட்டும்போதும் பட்டையைச் சுத்தி இடுப்புப் பக்கமாத் தள்ளிடு. அங்க எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. நான் அன்னைக்கு அதையும் செய்யல.

பத்திரப்படுத்துறதும் சுலபம்தான். ஈரமானா நிழல்ல காயவை, ஹீட்டர் பக்கத்துல வைக்காதே, வெடிச்சுடும். பிளாஸ்டிக் கவர்ல மூடாதே. சென்னை ஈரப்பதத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணிப்பையில போட்டு வை, மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு தடவை துடைச்சு கிரீம் தடவு.

தொகுப்பாளர்: அண்ணா, ஒண்ணு கேக்கவே தயக்கமா இருக்கு. நான் அதைப் போட்டுக்கிட்டு நின்னா அங்க யாராவது தப்பா நினைப்பாங்களா? நம்ம உடை இல்லையே.

விருந்தினர்: எனக்கும் அந்தப் பயம் இருந்துச்சு. அந்தக் கல்யாணத்தன்னைக்குக் காலையில, சர்ச் வாசல்ல பொண்ணோட அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். நேரா என்கிட்ட வந்தார். போச்சுடான்னு நினைச்சேன். ஒரு வார்த்தை பேசல. குனிஞ்சு என் ஸ்போரன் பட்டையை ஒரு ஓட்டை தளர்த்தி, அவர் கையை வெச்சு அளந்து, சரியான இடத்துல இறக்கி விட்டார். தோள்ல ஒரு தட்டுத் தட்டிட்டு உள்ள போயிட்டார். எங்க வீட்டுக் கல்யாணத்துல எங்க மாமா வேட்டி மடிப்பைச் சரி பண்ணி விடுவாரே, அதே மாதிரி. அதுக்கப்புறம் எனக்கு அந்தச் சந்தேகம் வந்ததே இல்ல. கூப்பிட்டவங்க வீட்டு உடை அது. மரியாதையாப் போடு, போதும்.

தொகுப்பாளர்: அப்போ முடிவு பண்ணிட்டேன். கறுப்புத் தோல், டே ஸ்போரன், மூணு குஞ்சம், முடிச்சு வேலைப்பாடு, தோல் பட்டை. முதல்ல வாடகைக் கடைகளோட பழைய ஸ்டாக், கிடைக்கலைன்னா புதுசு. அறுபது பவுண்டைத் தாண்ட மாட்டேன். இன்னைக்கு ராத்திரியே நண்பனைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைக் கைக்குட்டையைத் தயாரா வெச்சுக்கச் சொல்றேன்.

விருந்தினர்: அம்மாகிட்டயும் சொல்லிடு. பைக்கு ஆறாயிரமான்னு கேப்பாங்க. சுருக்குப்பைன்னு சொல்லு, புரிஞ்சுக்குவாங்க.

இந்த எபிசோடின் சாரம்

முதலில் கோட் எதுவென்று கேளுங்கள், அதற்கேற்ற ஸ்போரனைத் தேடுங்கள். ஆர்கைல் அல்லது ட்வீட் கோட்டுக்கு டே ஸ்போரன் போதும். பிரின்ஸ் சார்லி கோட்டுக்கு டிரெஸ் ஸ்போரன் வேண்டும்.

ஷூ, பெல்ட், ஸ்போரன் மூன்றின் தோல் நிறமும் ஒன்றாக இருக்கட்டும்.

முன்பக்க அலங்காரத்தைவிடப் பின்பக்க வழவழப்பு, சாயம் ஒட்டாமை, வளையத்தின் உறுதி ஆகிய மூன்றும் முக்கியம்.

விலையில் பட்டையும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கில்ட்டின் மேல் அளவெடுங்கள்.

ஒரே ஒரு முறைதான் என்றால் வாடகை. வைத்துக்கொள்ள ஆசை என்றால் வாடகைக் கடைகளின் பழைய ஸ்டாக். பழைய சீல் தோல் வேண்டாம்.

பக்கிளிலிருந்து ஒரு கை அகலம் கீழே கட்டுங்கள். ஆடும்போது இடுப்புப் பக்கம் தள்ளிவிடுங்கள்.